இரண்டாண்டுத் தடை

அக்டோபர் 6, வெள்ளி

நாளை வெளியூரில் எங்கள் அணியின் கால்பந்து ஆட்டம். அந்த மைதானத்துக்காரர்கள் எங்கள் ரசிகர் சங்கத்துக்கு விதிகளை அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். வெளியூர் ரசிகர்கள் கொண்டுவரக்கூடாதவை: குடை, மூடி போட்ட பாட்டில், கம்பு வைத்த கொடி, பெரிய பக்கிள் வைத்த பெல்ட், ஒரு தாள் அளவைவிடப் பெரிய பை. என் வீட்டுக்காரர் அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்து பெல்ட்டில் நிறுத்தி, "இதுக்குப் பேசாம பொறந்த மேனியா வரச் சொல்லியிருக்கலாம்" என்றார். நான் சிரித்தேன்.

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே தாளை எடுத்தார். அதே இடத்தில் நிறுத்தினார். அதே வார்த்தை. மறுபடியும் சிரித்தேன். மூன்றாவது தடவை சிரிப்பு வரவில்லை. ஆனாலும் சிரித்தேன். முதல் தடவை சொல்கிறவரின் முகம்தானே அது.

ஜூன் மாதமே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மறதி நோய். திரும்பாது, நிற்காது, மெதுவாக முற்றிக்கொண்டே போகும், அவ்வளவுதான். அவரிடம் மட்டும் வயசானால் வருகிற மறதி, மாத்திரையில் சரியாகிவிடும் என்று நாங்கள் இருவருமாகச் சேர்ந்து சொன்னோம். உண்மை தெரிந்தவர்கள் மகளும், நான் வேலைக்குப் போகும்போது அவரை எட்டிப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும்தான்.

அவருடைய பச்சை ஜாக்கெட்டின் உள்பையில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். "நான் வழி தவறியிருந்தால் தயவுசெய்து இந்த எண்ணில் என் மனைவியைக் கூப்பிடுங்கள்." அவரே சொல்வது மாதிரி எழுதினேன். அவருக்குத் தெரியாது.

அக்டோபர் 7, சனி

தோற்றோம், இரண்டு சைபர். ஆனால் நல்ல நாள்.

காலை எட்டு மணிக்குப் பஸ். எங்கள் பஸ்ஸை ஏற்பாடு செய்கிறவருக்குச் சங்கு என்று பெயர். சந்தையில் ஏலம் கூவுகிறவர், தொழிற்சாலைச் சங்கு மாதிரி குரல். ஊர் எல்லையில் போலீஸ் மோட்டார் சைக்கிள் முன்னால் வந்து சேர்ந்துகொண்டது. பஸ் நின்ற இடத்திலிருந்து வாசல்வரை இரண்டு கயிறுகளுக்கு நடுவே நடத்திக் கூட்டிப்போனார்கள். எதிர் நடைபாதையில் உள்ளூர்க்காரர்கள் நின்று கையாட்டினார்கள், சிலர் விரலையும் ஆட்டினார்கள். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு குட்டிப் பெண் எங்களைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். இவர் பதிலுக்கு நாக்கைத் துருத்தினார். அவள் சிரித்துவிட்டாள், அவளுடைய அப்பா முறைத்தான்.

சோதனைக்கு ஆண்கள் வரிசை வேறு, பெண்கள் வரிசை வேறு. அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான் அவர் என் கண்பார்வையில் இருக்கமாட்டார். ஆனால் சங்கு எப்போதும் அவருக்குப் பின்னாலேயே நிற்பார். விஷயம் தெரிந்து நிற்கவில்லை, பிடிக்கும் என்பதால் நிற்கிறார்.

உள்ளே நுழைந்துவிட்டால் அவருக்கு ஒன்றுமே இல்லை. இன்று இதை நன்றாகக் கவனித்தேன். வீட்டில் ஒரே கேள்வியை ஏழு தடவை கேட்டால் அது நோய். அங்கே நானூறு பேர் ஒரே வரியைத் தொண்ணூறு நிமிடம் கத்துகிறோம், யாரையும் யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. இன்று என்ன கிழமை என்று அங்கே அவரை யாரும் சோதிப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவன் பெயர் மறந்தால் 'தம்பி' போதும். அங்கே அவர் பழைய ஆள். லேத் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் நூல் பிசகாமல் இரும்பைக் கடைந்த ஆள், நடுவரின் கண் பார்வையைப் பற்றிச் சந்தேகம் எழுப்பிக்கொண்டிருக்கிறார். நான் ஏன் இவரை வீட்டில் பூட்டி வைக்க வேண்டும்?

அக்டோபர் 8, ஞாயிறு

காலையில் பல் துலக்கிக்கொண்டே, "நேத்து ஜெயிச்சோம்ல?" என்றார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 19, வியாழன்

மகள் போன் செய்தாள். அவள் இருப்பது ஐந்து மணி நேரத் தூரத்தில். இன்சூரன்ஸ் ஆபீசில் நாள் முழுக்க மருத்துவச் சான்றிதழ்களைப் படிக்கிற வேலை. உலகத்தில் எதையும் ஒரு சான்றிதழால் நேராக்கிவிடலாம் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அப்பாவைக் கூட்டத்துக்குள் கூட்டிப்போவதை நிறுத்து, ஒரு நாள் தொலைத்துவிட்டுத்தான் நிற்கப் போகிறாய் என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "நீ பார்த்துக்கறது எனக்குத் தெரியாதா? உன்னை யாரும்மா பார்த்துக்கறது?" என்றாள். பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

நவம்பர் 5, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றைய மைதானத்தில் போன வருடம் ஏதோ கைகலப்பு நடந்ததாம். அதனால் வெளியூர் வாசலில் ஒரு தார்ப்பாய்க் கொட்டகை போட்டு இரண்டு தடவை சோதித்தார்கள். ஷூவைக் கழற்று, சட்டைப் பையைக் காலி செய், கையைத் தூக்கு. மேளத்துக்கு முன்கூட்டி அனுமதிக் கடிதம் வாங்கவில்லை என்று சங்கை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே ஆண்கள் வரிசையில் என் ஆள் தனியாக.

நான் இந்தப் பக்கம். என் பையில் இருந்த மாத்திரை டப்பாவைத் திறந்து, இது எதுக்கு, இது எதுக்கு என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ரத்த அழுத்தம் என்று பொய் சொன்னேன். அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். பல பேர் சேர்ந்து சிரிக்கிற சத்தம். அடுத்த நொடியே ஒரு அலறல். நாற்காலி விழுந்த சத்தம். மனசு சொல்லிவிட்டது — இது அவர்தான்.

திரையைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஒரு பாதுகாப்பு ஊழியர், ஐம்பது வயதிருக்கும், மூக்கைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம். கண்ணாடி உடைந்து கிடந்தது. என் ஆளை மூன்று பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள், வெறும் காலோடு. ஷூ இல்லாமல் அவர் எவ்வளவு குள்ளமாகத் தெரிந்தார்.

பார்வையாளர் கேலரிக்கு அடியில் ஒரு அறைக்குக் கூட்டிப்போனார்கள். இரும்பு நாற்காலி இரண்டு. அவருடைய வலது கை முட்டி வீங்கியிருந்தது. இடது கையை இறுக்கி மூடியிருந்தார், திறக்கவேயில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன். "கிண்டல் பண்ணான். அடிச்சேன்" என்றார். அதிகாரி ஒருவர் என் பக்கம் திரும்பி, "இவருக்கு உடம்புக்கு ஏதாவது பிரச்சினை இருக்காம்மா?" என்று கேட்டார். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை, கோபக்காரர் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆட்டம் முடியும்வரை அந்த அறையிலேயே இருந்தோம். எங்களுக்கு நேர் மேலேதான் எங்கள் ஆட்கள். எழுபதாவது நிமிடமோ என்னவோ, கூரை அதிர்ந்தது. நானூறு ஜோடிக் கால்கள் குதித்தன. காரைத் தூள் அவர் தலையிலும் தோளிலும் உதிர்ந்தது. "நம்மாளுங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். இந்த வருடத்தில் ஜெயித்த முதல் வெளியூர் ஆட்டம், அதை நாங்கள் கீழேயிருந்து கேட்டோம்.

இன்று ஜாக்கெட்டைத் துவைக்கப் போட்டபோது உள்பையைத் துழாவினேன். சீட்டு இல்லை.

நவம்பர் 21, செவ்வாய்

கால்பந்துக் கழகத்திலிருந்து கடிதம். பாதுகாப்பு ஊழியரைத் தாக்கியதற்காக ஒழுங்கு விசாரணை, அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. சம்பந்தப்பட்டவர் நேரில் இருக்க வேண்டும். அவர் இல்லாமல் யாரும் அவருக்காகப் பேச முடியாது.

டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கினேன். இதைக் காட்டினால் அன்றைக்கே விட்டுவிடுவார்கள் என்றார். மகள் ஒரு நகல் கேட்டாள், அனுப்பி வைத்தேன். அவள் நிம்மதியாகிவிட்டாள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. இந்தக் காகிதத்தை அவரை வெளியே அனுப்பிவிட்டுக் காட்ட முடியாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எடுக்க வேண்டும். மூன்று பேர் அதைப் படிப்பார்கள். ஒருவராவது சத்தமாகப் படிப்பார்.

டிசம்பர் 12, செவ்வாய்

நீள மேசை. மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி, நல்ல குரல். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலையில் அந்தச் சட்டையின் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார், நான்தான் போட்டுவிட்டேன்.

முதலில் அந்தப் பாதுகாப்பு ஊழியரைப் பேசச் சொன்னார்கள். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். இருபது வருட வேலையில் தன்மீது யாரும் கை நீட்டியதில்லை என்றார். மூக்கில் பஞ்சோடு வீட்டுக்குப் போய்த் தன் பெண் முன்னால் நின்றதைச் சொன்னார். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது.

அதற்கு முன்னால் நீங்கள் ஏதாவது சொன்னீர்களா என்று நீதிபதி கேட்டார். அந்த ஊழியர் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். பிறகு சொன்னார்:

"உள்பாக்கெட்ல ஒரு சீட்டு இருந்துச்சு சார். எடுத்துப் படிச்சேன். படிச்சுட்டு, 'என்ன பெரியவரே, அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு வரலையா'ன்னு கேட்டுட்டேன். வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. அப்பதான் அடிச்சாரு. நான் கேட்டிருக்கக் கூடாது."

"என்ன சீட்டு அது?"

அந்த மனிதர் இவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "ஏதோ போன் நம்பர் சார். சரியா ஞாபகமில்லை" என்றார்.

என் சீட்டு. நான் எழுதிய சீட்டு. இத்தனை நாளும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? கூட்டத்தில் மிரண்டுபோய், யார் என்ன என்று புரியாமல் கை ஓங்கிவிட்டார் என்று. அப்படி இல்லை. அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. பத்துப் பேர் முன்னால் தன்னைக் குழந்தையாக்கியது புரிந்திருக்கிறது.

நீதிபதி அவரிடம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம் என்று சொல்லியும் உட்காரவில்லை.

"அடிச்சது நான்தான். அவர் மூக்குல ரத்தம் வந்ததுக்கு வருத்தப்படறேன். ஆனா தெரியாம அடிக்கலை. தெரிஞ்சுதான் அடிச்சேன்."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க தரப்புல சொல்ல வேண்டியது, காட்ட வேண்டியது ஏதாவது இருக்கா?"

பை என் மடியில் இருந்தது. ஜிப்பில் விரல் இருந்தது. இந்த ஆறு மாதத்தில் இவ்வளவு முழுசாக, இவ்வளவு நேராக ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வந்ததில்லை. தெரிஞ்சுதான் அடிச்சேன். நான் அந்தக் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தால், இல்லை, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும்.

"இல்லைங்க" என்றேன்.

இரண்டு ஆண்டுத் தடை. எல்லா மைதானங்களும், எங்கள் சொந்த மைதானமும் சேர்த்து.

வெளியே நடைவழியில் அந்தப் பாதுகாப்பு ஊழியர் நின்றிருந்தார். இவர் நேராகப் போய்க் கை நீட்டினார். இரண்டு பேரும் குலுக்கிக்கொண்டார்கள். படியிறங்கும்போது என் காதருகே குனிந்து, "யாரு அந்த ஆளு? நல்ல மனுஷனா இருக்காரு" என்றார்.

இரண்டு வருடம். இரண்டு வருடம் கழித்து அவருக்குப் பந்து எது என்று — வேண்டாம். எழுத வேண்டாம்.

டிசம்பர் 13, புதன்

மகள் போனில் கத்தினாள். அப்புறம் அழுதாள். "ஒரு காகிதம் காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். அப்பாவுக்கு அது ஒண்ணுதானேம்மா மிச்சம் இருந்துச்சு, அதையும் விட்டுட்டு வந்து நிக்கறியே." எனக்கு விளக்கத் தெரியவில்லை. அவளும் அவருடைய பெண்தானே. விளக்காமலே புரியும் என்று நினைத்துவிட்டேன்.

டிசம்பர் 30, சனி

ரேடியோவில் வர்ணனை கேட்டோம். பாதியில் தூங்கிவிட்டார்.

ஜனவரி 20, சனி

எங்கள் அணி ஆட்டம் ஆட்டமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறது. நாங்கள் இல்லாததுதான் காரணம் என்று சங்கு போனில் சொல்கிறார். மருத்துவமனையில் எனக்கு வேலை ஏறிப்போயிற்று, சலவைப் பிரிவில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். காலை ஆறிலிருந்து இரண்டுவரை படுக்கை விரிப்புகள், ஆவி, மறுபடியும் விரிப்புகள். அந்த மெஷின்கள் ஓடும்போது என்ன சத்தம் போட்டாலும் வெளியே கேட்காது. ஒரு வசதி.

இன்று அவர் சட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கழுத்தைத் தேடினார்.

பிப்ரவரி 8, வியாழன்

இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கடிதம். நான்கு மூலையிலும் ஒவ்வொன்றாக வைத்து விரித்திருந்தார்: உப்பு டப்பா, டம்ளர், சாவிக்கொத்து, கண்ணாடிக் கூடு. பட்டறையில் மெஷின் வரைபடத்தை அப்படித்தான் விரித்துப் பார்ப்பார்.

கால்பந்துக் கழகத்தின் கடிதம். மகள் அளித்த மனுவின் பேரில், மருத்துவச் சான்றைப் பரிசீலித்ததில், மேற்படி ரசிகர் மறதி நோயால் பாதிக்கப்பட்டிருப்பதும், சம்பவத்தின்போது தம் செயலை உணரும் நிலையில் அவர் இல்லை என்பதும் தெரியவருவதால், அவர் மீதான தடை நீக்கப்படுகிறது. இனி உதவி தேவைப்படுவோர் வாசல் வழியாக, கையில் அடையாளப் பட்டை அணிந்து, துணைக்கு ஒருவருடன் வரலாம்.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதனால்தான் கேட்கவில்லை.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றார். பொய் சொல்ல இடமில்லை. ஜூனிலிருந்து என்றேன்.

"சங்குக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"டெய்லரம்மாவுக்கு?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன். தலையை ஆட்டிக்கொண்டார். தினமும் பதினோரு மணிக்கு அந்தம்மா எதற்கு நூல் கேட்டு வருகிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

"அந்தச் சீட்டு. அது உன் கையெழுத்து. பார்த்ததுமே தெரிஞ்சுது."

"ஆமாங்க."

வெகுநேரம் கடிதத்தையே பார்த்தார். பிறகு, ஒரு சின்னச் சந்தேகம் கேட்பதுபோல, "அப்போ அது நான் அடிச்சதா ஆகாதா?" என்றார்.

நீங்கள்தான் அடித்தீர்கள் என்றேன். நீங்கள்தான், நான் பார்த்தேன், முட்டி வீங்கியிருந்தது, நான்தான் ஐஸ் வைத்தேன் என்றேன். கடிதத்தைத் தட்டிக் காட்டினார். "இல்லைன்னு போட்டிருக்கானே."

எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். சுவரைப் பார்த்து. சாப்பிடவில்லை. நானும்.

பிப்ரவரி 9, வெள்ளி

காலையில் எழுந்ததும், "நேத்து யாராவது செத்துட்டாங்களா? மனசு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். கடிதத்தைப் பற்றி நினைவே இல்லை. அதன் கனம் மட்டும் அப்படியே இருக்கிறது. மறதி அந்தக் கனத்தையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கக்கூடாதா?

பிப்ரவரி 11, ஞாயிறு

மகள் வந்தாள். வாசலிலேயே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன், கத்தாமல்தான் சொன்னேன். "நான் நல்லதுதானேம்மா நினைச்சேன்" என்றாள். தெரியும் என்றேன். நல்லது நினைத்துத்தான் நானும் சீட்டு எழுதினேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து துணி மடித்தோம். அவர் அவளிடம் வேலை எப்படி, பஸ் கூட்டமா என்று நன்றாகத்தான் பேசினார். மூன்று தடவை.

மார்ச் 2, சனி

தடை நீங்கிவிட்டதே, ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று தோன்றிவிட்டது. பேராசைதான். எங்கள் சொந்த மைதானம், பழகின இடம், இருபது நிமிட நடை. பச்சை ஜாக்கெட்டைப் போட்டுவிட்டேன். வழியெல்லாம் உற்சாகம். சாலை முழுக்கப் பச்சை, ஊதல், வறுத்த கடலை வாசனை, பின்னால் யாரோ அடிக்கிற மேளத்துக்கு அவர் கால் தானாகத் தாளம் போட்டது.

உதவி தேவைப்படுவோர் வாசல் பக்கவாட்டில் இருக்கிறது. கூட்டம் இல்லை. சக்கர நாற்காலிகள் இரண்டு நின்றன. அங்கே இருந்த பெண் ரொம்ப அன்பானவள். அதுதான் வினையாயிற்று. சின்னக் குழந்தையிடம் பேசுகிற குரலில், "கையைக் குடுங்க தாத்தா, அழகா ஒரு பட்டை கட்டிவிடறேன்" என்றாள். மஞ்சள் பட்டை. அதில் என் போன் நம்பர் எழுத ஒரு கட்டம் விட்டிருந்தது.

அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். கையை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார். அடிக்கவில்லை, கோபப்படவில்லை. "வீட்டுக்குப் போலாம்" என்றார்.

உடனே போக முடியவில்லை. எதிரே கூட்டம் வந்துகொண்டிருந்தது. சுவரோரமாக ஒதுங்கி நின்றோம். உள்ளே ஆட்டம் ஆரம்பமானது. சுவருக்கு அந்தப் பக்கம் இருபதாயிரம் பேர் மூச்சை இழுப்பது, விடுவது, எல்லாம் கேட்டது. அவர் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார், மெஷின் ஓட்டம் சரியா என்று தொட்டுப் பார்ப்பதைப்போல.

வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

"நாளைக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்றார் சாயங்காலம். இனிமேல் போக முடியாது என்று எப்படிச் சொல்வது? நோய் என்றால் மறுபடியும் அந்த முகம். பஸ் இல்லை என்றால் சங்குக்குப் போன் போடு என்பார். வாயில் வந்துவிட்டது:

"உங்களுக்குத் தடைங்க. ரெண்டு வருஷம்."

"எனக்கா? எதுக்கு?"

"செக்யூரிட்டியை அடிச்சுட்டீங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானா?" என்றார். எதற்கு அடித்தேன் என்று கேட்டார். கிண்டல் பண்ணினார், அடித்தீர்கள் என்றேன். விசாரணை வைத்தார்களா? வைத்தார்கள். நான் என்ன சொன்னேன்? தெரிஞ்சுதான் அடிச்சேன் என்று நின்றபடியே சொன்னீர்கள், நீதிபதி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை என்றேன். தலையைத் தடவிக்கொண்டார். வெட்கமும் பெருமையுமாக ஒரு சிரிப்பு, முகம் முழுக்க. பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் அந்த முகத்தில் வெளிச்சத்தைப் பார்க்கிறேன்.

"அடிச்சிருக்கக் கூடாது" என்றார் கடைசியில், ஒப்புக்கு.

ஆக, தடையை நானே மறுபடியும் போட்டுவிட்டேன்.

மார்ச் 30, சனி

சங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு பெரிய குரல்காரருக்கு ஐந்து நிமிடம் குரலே வரவில்லை. பிறகு வீட்டுக்கு வந்தார். உள்ளே நுழையும்போதே, "அண்ணே, நீங்க பண்ண வேலைக்கு வெளியூர் வாசல்ல இன்னும் உங்க பேரைச் சொன்னா ஒதுங்கி நிக்கறான்" என்றார். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டீ கொடுத்தேன். போகும்போது வாசலில் "வரேன் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இன்றும் தோல்வி. கடைசிக்கு முந்தின இடத்தில் இருக்கிறோம்.

ஏப்ரல் 27, சனி

டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஏன் நேரில் போகவில்லை என்று கேட்டார். வழக்கமான பதிலைச் சொன்னேன். வழக்கமான சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து:

"தடை எனக்கு மட்டும்தானா?"

"ஆமாங்க."

"என் வீட்டுக்காரிக்கு இல்லையே?"

கத்தி நின்றுவிட்டது. இல்லை என்றேன்.

"அப்புறம் அவ ஏன் போகாம இருக்கா? முப்பது வருஷத்துல ஒரு மேட்ச் விட்டதில்லை அவ. என்னால உட்கார்ந்திருப்பா, சொன்னாக் கேக்க மாட்டா." குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் சாய்ந்து சொன்னார்: "நீங்க அவளைப் பார்த்தீங்கன்னா சொல்லுங்க. அவளாவது போயிட்டு வரட்டும்."

"சொல்றேன்" என்றேன்.

"ரொம்ப நன்றிங்க" என்றார்.

முப்பத்துநான்கு வருடத்தில் அவர் எனக்கு நன்றி சொன்னதே இல்லை. நானும் எதிர்பார்த்ததில்லை. பிறத்தியாருக்குத்தானே நன்றி சொல்வார்கள். வெங்காயம் இருந்தது, நல்லதாகப் போயிற்று.

மே 4, சனி

போனேன். மகள் நேற்றே வந்துவிட்டாள், அவரோடு இருந்தாள். கிளம்பும்போது நாற்காலியிலிருந்து மரியாதையாக எனக்குக் கும்பிடு போட்டார்.

கடைசி ஆட்டம். ஜெயித்தால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் கீழ்ப் பிரிவு. இரண்டு பஸ் நிறைய ஆட்கள். பெண்கள் வரிசையில் நின்று, கையைத் தூக்கி, பையைத் திறந்து காட்டி உள்ளே போனேன். பையில் மாத்திரை டப்பா இல்லாததால் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். சங்கு எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடத்தைக் காலியாக விட்டு நின்றார். யார் வந்து நின்றாலும் தள்ளிவிட்டார்.

எண்பத்தெட்டாவது நிமிடத்தில் கோல் வாங்கினோம். முடிந்தது.

ஆட்டம் முடிந்ததும் எங்களை வெளியே விடவில்லை. உள்ளூர்க் கூட்டம் கலைகிறவரை வெளியூர்க்காரர்கள் நாற்பது நிமிடம் உள்ளேயே இருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எதிர்க் கேலரிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. நாங்கள் மட்டும் அந்த மூலையில், கம்பித் தடுப்புக்குப் பின்னால். பெரிய பெரிய ஆட்கள் அழுதார்கள். ஒருவர் கொடியை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதார். சங்கு படியில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நானும் அழுதேன். பதினொரு மாதமாக அடுப்படியிலும் மெஷின் சத்தத்திலும் ஒளித்து ஒளித்து அழுததெல்லாம் போதாமல், வாய்விட்டு, நாற்பது நிமிடமும். எனக்கு முன்னால் நின்ற முகம் தெரியாத ஒருவர் திரும்பி, "விடுங்கம்மா, அடுத்த வருஷம் மேல வந்துடலாம்" என்று தோளைத் தட்டினார்.

ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கிறது. வீட்டுக்குப் போக எட்டாகும். முழித்துக்கொண்டிருந்தால் என்ன ஸ்கோர் என்று கேட்பார், சொல்லிக்கொள்ளலாம். அவர் வீட்டுக்காரி எங்கே என்று கேட்டால், வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்ல வேண்டும்.